பார்வை திரும்பிவிட்டது, பிறகு எதற்கு இத்தனை பரிசோதனை?

31 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இரண்டரை மாதங்களுக்கு முன் ஒரு காலையில், முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது வலது கண்ணின் நடுவில் புகை படிந்ததுபோல் இருந்திருக்கிறது. கண்ணை உருட்டினால் உள்ளே ஆழத்தில் வலி. கணினித் திரையை அதிகம் பார்ப்பதால் வந்த களைப்பு என்று நினைத்து, கண்ணாடியை மாற்றிக்கொள்ளப் போயிருக்கிறார். எந்த லென்ஸை வைத்தாலும் மங்கல் போகவில்லை. அடுத்த நாள் பார்த்த கண் மருத்துவர், சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்துவிட்டு, "விழித்திரை நன்றாக இருக்கிறது, ஓய்வெடுங்கள்" என்று அனுப்பிவிட்டார். நான்காம் நாள், முகத்துக்கு முன்னால் நீட்டிய விரல்களை எண்ணும் அளவுக்கே அந்தக் கண்ணில் பார்வை மிஞ்சியது. சிவப்புப் பேனா மூடி ஒன்று இடது கண்ணுக்குச் சிவப்பாகவும், வலது கண்ணுக்குச் சாயம் போன செங்கல் நிறத்திலும் தெரிந்தது.

அதன் பிறகு நரம்பியல் மருத்துவரிடம் போயிருக்கிறார். எம்ஆர்ஐ ஸ்கேனில் வலது பார்வை நரம்பில் அழற்சி தெரிந்தது. மூளையின் வெண்பகுதியில் இரண்டு சிறு புள்ளிகளும் இருந்தன. மூன்று நாள் டிரிப்ஸ் மூலம் ஸ்டீராய்டு, பிறகு பதினொரு நாளைக்கு மாத்திரை. தூக்கம் வராததால் மாத்திரையை ஆறாம் நாளே நிறுத்திவிட்டார். ஐந்து வாரத்தில் பார்வை 6/6-க்கு, அதாவது இயல்பான அளவுக்கு, வந்துவிட்டது. மருத்துவர் அடுத்ததாக ஆன்டிபாடிக்கான (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்துக்கான) ரத்தப் பரிசோதனையும், முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறார். "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக (மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் ஓர் அழற்சி நோய்) இருக்கலாம், நீண்டகால மருந்து தேவைப்படலாம்" என்றும் சொன்னாராம். இவர் அதற்குப் பிறகு அங்கே போகவே இல்லை.

அவருடைய கேள்விகள் இவை. பார்வை முழுதாகத் திரும்பிய பிறகும் மருந்து எதற்கு? முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார்களே? வெந்நீரில் குளித்தாலும் வேகமாக நடந்தாலும் கண் மறுபடி மங்குகிறதே, நோய் திரும்புகிறதா? தோழி ஒருவருக்கும் இதே போல் பார்வை போய், அவர் சில ஆண்டுகளாக இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொள்கிறாரே, அதையே நானும் போட்டுக்கொள்ளலாமா? மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா? குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, அதற்கும் இது வருமா? கடைசியாக, வண்டி ஓட்டும்போது எதிரே வரும் வாகனத்தின் தூரத்தைக் கணிக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

விரலை எண்ணும் நிலையிலிருந்து 6/6-க்கு வந்திருக்கிறீர்கள். அது நல்ல செய்தி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் "நோய் போய்விட்டது" என்று நீங்கள் எழுதிய வரியோடு என்னால் உடன்பட முடியவில்லை. பார்வை நரம்பில் வந்த அழற்சி அடங்கியிருக்கிறது. அது எந்த நோயால் வந்தது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. இப்படி அழற்சியை உண்டாக்கும் நோய்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஒன்றுக்கு நல்லது செய்யும் மருந்து இன்னொன்றைக் கிளறிவிடக்கூடியது. எனவே பரிசோதனையை முடிக்காமல் மருந்தைப் பற்றி விவாதிப்பதே வீண் என்று நினைக்கிறேன். உங்கள் மருத்துவரும் அந்த வரிசையில்தான் போயிருக்கிறார்.

முதலில் பார்த்த மருத்துவர் மீது உங்கள் கோபம்

"உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாரே" என்று கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணின் பின்பக்கத்திலிருந்து மூளையை நோக்கிப் போகும் பார்வை நரம்பு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளமானது. விழித்திரையைப் பார்க்கும் கருவியில் தெரிவது அதன் முனை மட்டுமே, ஒரு சிறு வட்டமாக. இந்த அழற்சி வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு வீக்கம் அந்த முனைக்குப் பின்னால் இருக்கும். அதனால் முதல் நாட்களில் கண்ணின் உள்ளே எல்லாம் இயல்பாகவே தெரியும். நோயாளியின் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது, மருத்துவரின் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது என்று எங்கள் துறையில் பாதி வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ஆனால் சொட்டு மருந்து விடுவதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்திருக்கலாம், அந்தக் குறை நியாயமானது. மங்கிய அறையில் வெளிச்சத்தை இடது கண்ணில் காட்டினால் இரண்டு கண்மணிகளும் சுருங்கும். அதை உடனே வலது கண்ணுக்கு மாற்றினால், அந்த நரம்பு பழுதாகியிருக்கும்போது, சுருங்கியிருக்க வேண்டிய கண்மணி நம் கண்ணெதிரிலேயே விரியும். வெளிச்சம் படப்பட விரியும் கண்மணியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். சில வினாடி வேலை, செலவே இல்லாதது. சொட்டு மருந்து விட்டு கண்மணியை விரித்த பிறகு இதைச் செய்ய முடியாது. உங்கள் பேனா மூடியும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்தது. பார்வை நரம்பு பாதிக்கப்படும்போது எழுத்து மங்குவதைவிட அதிகமாகச் சிவப்பு வெளிறும். அதை நீங்களாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

கணினித் திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை இங்கேயே விட்டுவிடுங்கள்.

6/6 என்ற எண் சொல்லாதவை

பார்வை திரும்பியது என்று எழுதிய அதே கடிதத்தில், "அந்தக் கண்ணில் உலகம் கொஞ்சம் அழுக்காகத் தெரிகிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். 6/6 என்பது வெள்ளைப் பலகையில் கன்னங்கரிய எழுத்தை வாசிக்கும் திறன். சாம்பல் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தைப் படிப்பதும், அந்தியில் படிக்கட்டின் விளிம்பைக் காண்பதும் வேறு திறன்கள். அவை மெதுவாக மீளும், சில சமயம் முழுமையாக மீளாது. ஒரு பார்வை நரம்பில் 10 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி போனாலும் மீதமுள்ளவை கரிய எழுத்தைப் படித்துவிடும். எத்தனை போனது என்பதை ஓசிடி என்ற வலியில்லாத ஸ்கேன், விழித்திரையின் நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளந்து ஓரளவு காட்டும். தொடக்கத்தில் வீக்கம் அந்தக் கணக்கை மறைத்துவிடும் என்பதால், மூன்று முதல் ஆறு மாதம் கழித்து எடுப்பது பயன் தரும். உங்களுக்கு அந்தக் காலம் நெருங்கிவிட்டது. இரண்டு கண்களுக்கும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னாளில் ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும்.

வெந்நீரில் குளித்தால் மங்குகிறது என்ற பயத்துக்கு வருகிறேன். பார்வை நரம்பின் இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அழற்சி இந்த உறையைத்தான் தின்கிறது. பிறகு உறை மறுபடி வளர்ந்தாலும் பழைய அளவுக்கு வளர்வதில்லை. அப்படிப்பட்ட இழைகள் சாதாரண வெப்பநிலையில் தட்டுத்தடுமாறி வேலை செய்துவிடும். உடல் சூடு சிறிதளவு ஏறினாலும் சமிக்ஞை நின்று நின்று போகும். சூடு தணிந்தால் பார்வை தெளியும். 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் உடற்பயிற்சிக்குப் பின் சிலருக்குப் பார்வை மங்குவதைப் பதிவு செய்தார்; அவர் பெயராலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது. எம்ஆர்ஐ வருவதற்கு முன், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி தலைகாட்டுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது புதிய தாக்குதல் இல்லை, இதனால் நரம்பு மேலும் கெடுவதும் இல்லை. எனவே நடையை நிறுத்திவிட்டேன் என்பது தேவையில்லாத தியாகம். குளிர்ந்த நேரத்தில் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மங்கினால் நின்று இளைப்பாறுங்கள். சூடு தணிந்த பிறகும் மங்கல் நீடித்து, ஒரு முழு நாளைக் கடந்தால் அது வேறு விஷயம். காய்ச்சலின்போது வரும் மங்கலுக்கு முதலில் காய்ச்சலைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரே அறிகுறி, வெவ்வேறு நோய்கள்

உங்கள் தோழியின் ஊசியைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் பதில்: வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

பார்வை நரம்பு என்று சொன்னாலும் அது கை கால்களுக்குப் போகும் நரம்புகளைப் போன்றதன்று. அமைப்பில் அது மூளையின் நீட்சி. அதனால்தான் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் அழற்சி நோய்கள் கண்ணிலும் வெளிப்படுகின்றன, பல சமயம் கண்ணில்தான் முதலில் வெளிப்படுகின்றன. இவற்றில் மூன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இதில் பெரும்பாலும் ஒரு கண்; கண்ணை அசைத்தால் வலி; சில நாட்களில் மங்கல் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரத்தில் தெளியத் தொடங்கும். உங்கள் கதை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. இந்த நோய் பார்வை நரம்போடு நிற்காமல் கண்ணை அசைக்கும் பாதைகளையும் தொடலாம். அப்போது பொருள்கள் இரட்டையாகத் தெரியும், அல்லது காட்சி ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. 1894-இல் பிரெஞ்சு மருத்துவர் யூஜின் டெவிக் இதை விவரித்த பிறகு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் பலர் இதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் கடுமையான வடிவம் என்றே கருதி வந்தார்கள். 2004-இல் இதற்கே உரிய ஆன்டிபாடி ஒன்று கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே, அது அக்வாபோரின்-4 என்ற, நீரைக் கடத்தும் புரதத்தைக் குறிவைக்கிறது என்று தெரிந்தது. அதோடு இது தனி நோய் என்பது உறுதியாயிற்று. இது பார்வையை முரட்டுத்தனமாகப் பறிக்கும். இரண்டு கண்களையும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ தாக்கும், மீட்சி பெரும்பாலும் அரைகுறையாக இருக்கும். தண்டுவடத்தில் நீண்ட தூரத்துக்கு அழற்சி பரவும். சிலருக்கு நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும்தான் முதல் அறிகுறி. அவர்கள் வயிற்றுக் கோளாறு என்று எண்ணி அலைவார்கள். இந்த நோயில் ஸ்டீராய்டு போதாதபோது, நாளைக் கடத்தாமல், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, மையலின் உறையின் மேற்பரப்பில் இருக்கும் எம்ஓஜி என்ற புரதத்தை எதிர்க்கும் ஆன்டிபாடியால் வருவது. குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் வரும். நரம்பின் முனை பளிச்சென்று வீங்கித் தெரியும், பார்வை அடியோடு போகும், ஸ்டீராய்டு கொடுத்ததும் வியக்கும்படி திரும்பும். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு உடனே மறுபடி போகும். இந்த நோயை உறுதிசெய்வதற்கான சர்வதேச அளவுகோல்களே 2023-இல்தான் வந்தன.

உங்கள் தோழிக்கு இன்டர்ஃபெரான் பொருத்தமாக இருக்கலாம். அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கான மருந்து. அதையே, நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா உள்ள ஒருவருக்குக் கொடுத்தால் தாக்குதல்கள் கூடக்கூடும். ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் ஆகிய மருந்துகளும் அப்படியே. நோய் தெரியாமல் மருந்தைக் கடன் வாங்கினால் மிச்சமிருக்கும் பார்வையையும் பணயம் வைக்க நேரிடும்.

ஆகவே அந்த ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். உயிருள்ள அல்லது பதப்படுத்திய செல்களைக் கொண்டு செய்யும் முறையில் ஆய்வகம் பரிசோதிக்கிறதா என்று கேளுங்கள்; பழைய முறைகளைவிட அது நம்பகமானது. எம்ஓஜி ஆன்டிபாடி மிகக் குறைந்த அளவில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வேறு நோய் உள்ளவர்களிடமும் சில சமயம் அது அப்படி வரும். அறிக்கையை இணையத்தில் வைத்துப் படித்துக் கலங்குவதைவிட, மருத்துவர் முன் வைப்பது மேல்.

என் ஊகத்தைக் கேட்டால், ஒரு கண்ணில் மட்டும் வந்தது, நன்றாக மீண்டது, மூளையின் வெண்பகுதியில் புள்ளிகள் இருப்பது, ஸ்டீராய்டைப் பாதியில் விட்ட பிறகும் பார்வை சரியாமல் நின்றது, எல்லாமே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் பக்கமே சாய்கின்றன. ஆனால் உங்களைப் பார்க்காமல், ஸ்கேனைப் பார்க்காமல் எழுதுகிறேன். இது ஊகம்தான்.

முதுகில் ஊசி எங்கே போகிறது?

தண்டுவடம் முதுகின் அடிவரை நீள்வதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் முள்ளெலும்புகளுக்கு இடையில் அல்லது அதற்கு அடுத்த இடைவெளியில். அங்கே இருப்பது நீரும் அதில் மிதக்கும் நரம்பு வேர்களும் மட்டுமே. குத்திக் காயப்படுத்தத் தண்டுவடம் அங்கே இல்லை. கால் விழுந்துவிடும் என்பது இங்கே பொருந்தாத பயம். பொருந்தக்கூடிய தொல்லை தலைவலி. உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் குறையும், சில நாளில் போய்விடும். மெல்லிய, முனை மழுங்கிய ஊசியைப் பயன்படுத்தினால் அதுவும் குறைவு. அந்த ஊசி இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அந்த நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் என்ற தடயம் இருந்தால், அழற்சி மூளைக்குள்ளேயே நெடுநாளாக நடந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது தாக்குதலுக்காகக் காத்திருக்காமலேயே நோயை உறுதிசெய்ய அது உதவும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை உறுதிசெய்யப் பயன்படும், 2024-இல் திருத்தப்பட்ட மெக்டொனால்ட் அளவுகோல்களில் பார்வை நரம்பையும் நோய் பாதித்த இடங்களில் ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு அப்படி இல்லை. எனவே உங்கள் விஷயத்தில் முடிவு விரைவாகவே தெரியலாம்.

இப்போதே தொடங்குவதா, பொறுத்திருப்பதா?

அமெரிக்காவில் பார்வை நரம்பு அழற்சி வந்த 457 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வு ஒன்று 1992 முதல் வெளியாகத் தொடங்கியது. அதில் பங்கேற்றவர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் தாக்குதலின்போது மூளை ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும், ஒரு புள்ளியாவது இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கும் அந்தக் காலத்துக்குள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உறுதியானது. உங்களுக்கு இரண்டு புள்ளிகள். இதைச் சொல்லாமல் ஆறுதல் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அதே புள்ளிவிவரத்தைத் திருப்பிப் பார்த்தால், புள்ளி இருந்தும் கால்வாசிப் பேருக்குப் பதினைந்து ஆண்டு வரை நோய் உறுதியாகவில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. டிரிப்ஸ் மூலம் தரும் ஸ்டீராய்டு பார்வையை வேகமாக மீட்கிறது. ஆனால் ஆறு மாதம், ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டுதான் என் கண்ணைக் காப்பாற்றியது என்கிறீர்கள். பெரும்பாலும் உங்கள் நரம்பு தானாகவே மீண்டிருக்கும், மருந்து அதை விரைவுபடுத்தியது. பிறகு ஏன் கொடுக்கிறோம்? முதல் வாரத்தில் எது எந்த நோய் என்று தெரியாது. மற்ற இரண்டு நோய்களில் ஒன்றாக இருந்தால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பார்வையில் விலை கொடுக்க நேரும்.

நீண்டகால மருந்து வேறு கணக்கு. அது போன பார்வையைத் திருப்பித் தருவதற்கானது அன்று. அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போட, முடிந்தால் தடுக்க. அதனால்தான் 'நன்றாக இருக்கும்போது எதற்கு மருந்து' என்ற உங்கள் கேள்விக்கு, நன்றாக இருக்கும்போதுதான் மருந்து என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் உறுதியானால் தாமதிக்காமல் தொடங்குவதையே நான் விரும்புவேன். உறுதியாகாவிட்டால், குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்துக் காத்திருப்பதும் ஏற்கத்தக்க வழிதான். கண்காணிப்பே இல்லாமல் மருத்துவரைத் தவிர்ப்பதற்குக் காத்திருப்பு என்று பெயரில்லை. மருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிக்கல் உண்டு. சில கல்லீரலைத் தொடும், சில தொற்றுக்கு வழிவிடும். ஃபிங்கோலிமோட் சிலருக்கு விழித்திரையின் மையத்தில் நீர் கோர்க்கச் செய்யும். கண்ணுக்காகத் தொடங்கிய மருந்துக்குக் கண்ணையே பரிசோதிக்க வேண்டிய வேடிக்கை அது. இவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்த பிறகு சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஸ்கேன் படங்களின் பிரதியை வாங்கிக்கொண்டு இன்னொரு நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் அப்படியே. உங்கள் மருத்துவர் வருத்தப்படமாட்டார், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

சக்கர நாற்காலி பற்றிய பயத்தையும் எழுதியிருந்தீர்கள். பார்வை நரம்பில் தொடங்கி நன்றாக மீண்டவர்களுக்கு நோயின் போக்கு, நடையிலோ சமநிலையிலோ தொடங்கியவர்களைவிடப் பொதுவாக மிதமானது. புகைபிடிப்பது இந்த நோயை மோசமாக்கும் என்று தெரிந்திருக்கிறது. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதால் அதை நீட்டவில்லை.

அந்த மாத்திரைகளை வீட்டில் வைக்க வேண்டாம்

மிச்சமிருக்கும் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே சொன்ன ஆய்வில், குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் எடுத்தவர்களுக்கே பார்வை நரம்பு அழற்சி அதிகமாகத் திரும்பியது. அடுத்த முறை நீங்களாக நான்கு மாத்திரை விழுங்கினால் பயன் இருக்காது. அறிகுறி கலங்கிப்போய் மருத்துவரைக் குழப்புவதும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுவதும், மறைந்திருக்கும் காசநோய் போன்ற தொற்று கிளம்புவதும்தான் நடக்கும். தூக்கம் கெட்டதற்காக ஆறாம் நாள் நிறுத்தினீர்கள். மாத்திரையைக் காலையிலேயே எடுத்திருந்தால் அந்தத் தொல்லை குறைந்திருக்கும். நிறுத்திய விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் அவருக்கு ஒரு துப்பு.

குழந்தை

பெற்றுக்கொள்ளலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் கருத்தரிப்பைத் தடுப்பதில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் தெளிவாகக் குறையும், பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் கூடும் என்பது ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களிடம் செய்த, 1998-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 100-இல் இரண்டு, மூன்று என்ற அளவில் இருக்கிறது. பொது மக்களைவிட அதிகம்தான். ஆனாலும் 97 குழந்தைகளுக்கு வராது. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்று தெரியவந்தால் பிரசவத்தை ஒட்டி இன்னும் நெருக்கமான கண்காணிப்பு தேவைப்படும்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. டெரிஃப்ளூனோமைட், கிளாட்ரிபின், ஃபிங்கோலிமோட், மைக்கோபீனோலேட் ஆகியவை கருவைப் பாதிக்கக்கூடியவை. எனவே மருந்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, ஓரிரு ஆண்டுக்குள் குழந்தை வேண்டும் என்ற எண்ணத்தைச் சொல்லிவிடுங்கள். அது மருந்தையே மாற்றும்.

எப்போது நேரம் கடத்தக் கூடாது?

அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போகவேண்டிய நேரங்கள் இவை:

- எந்தக் கண்ணிலானாலும் புதிய மங்கல் ஒரு நாளைக் கடந்தால், அல்லது இரண்டு கண்களும் ஒன்றாக மங்கினால்.
- காலிலோ இடுப்பிலோ மரத்துப்போகும் உணர்வு ஏறிக்கொண்டே போனால், சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தால்.
- காரணம் தெரியாத விக்கலோ வாந்தியோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால்.
- பொருள்கள் திடீரென்று இரட்டையாகத் தெரிந்தால்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு குறிப்பு. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குத் திடீரென்று பார்வை போய், புதிய தலைவலியும் மெல்லும்போது தாடை வலியும் இருந்தால், அது இந்தக் கடிதத்தில் பேசும் நோயன்று. ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், சில மணி நேரத்தில் அடுத்த கண்ணும் போகக்கூடும். காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் எடுப்பவருக்கு இரண்டு கண்களிலும் வலியில்லாமல் நிறம் வெளிறத் தொடங்கினால், மருந்தைத் தந்த மருத்துவரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

வண்டி ஓட்டுவது

எதிரே வரும் வாகனத்தின் தூரம் பிடிபடவில்லை என்றீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. மையலின் மெலிந்த நரம்பில் சமிக்ஞை தாமதமாகப் போகிறது. இடது கண்ணின் செய்தி முந்தி வர, வலது கண்ணின் செய்தி ஒரு நொடியில் சிறு பங்கு பிந்தி வருகிறது. அசையாத பொருளில் இது தெரியாது. குறுக்கே நகரும் பொருள் மட்டும் நேர்கோட்டை விட்டு வளைந்து வருவதுபோல் தோன்றும். இதை 1922-இல் விவரித்தவர் கார்ல் புல்ஃப்ரிச் என்ற ஜெர்மன் இயற்பியலாளர். அவர் ஒரு கண்ணில் பார்வை இழந்தவர், ஆகவே தான் விளக்கிய விளைவைத் தானே பார்த்ததில்லை.

கண் மருத்துவரிடம் பார்வைப்புலப் பரிசோதனை (எவ்வளவு பரப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். தாமதத்தை அளக்க விஇபி என்ற பரிசோதனையும் இருக்கிறது. நல்ல கண்ணுக்கு முன் சற்றே நிறம் ஏற்றிய கண்ணாடி போட்டால், அந்தக் கண்ணின் செய்தியும் தாமதப்பட்டு இரண்டும் சமமாகிவிடும். சிலருக்கு இது நன்றாகவே உதவுகிறது. அதைப் பகலில் போட்டுப் பழகிப் பார்க்கலாம். இரவில் கூடாது, ஏற்கெனவே மங்கிய வெளிச்சத்தை அது இன்னும் குறைத்துவிடும். பார்வைப்புலப் பரிசோதனையின் முடிவு வரும்வரை வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.